நீரடி ஸ்கூட்டர் திருப்பத்தில் தடுமாறினால்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

பெங்களூரில் ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவது) பழகும் தமிழர்கள், நீருக்கடியில் மனிதரை இழுத்துச் செல்லும் புரொப்பெல்லர் கருவியான நீரடி ஸ்கூட்டரை முதன்முதலில் கையில் பிடிப்பது பெரும்பாலும் ஏதாவதொரு நீச்சல் குளத்தில்தான். இந்த நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே ஓர் இரவுப் பேருந்துப் பயணம் இருப்பதால், குளத்திலேயே பழகிக்கொண்டு, மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்ததும் கர்நாடகக் கடற்கரையிலுள்ள முருடேஸ்வரம் போய், அங்கிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நேத்ராணித் தீவில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. நேர்கோட்டில் ஓட்டுவது சீக்கிரம் கைவந்துவிடும். குளத்தின் மறுசுவர் நெருங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 45 மீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் 25 மீட்டர் குளத்தை 33 விநாடிகளில் கடந்துவிடும் என்பதால், திருப்பத்தில் உள்ள குறை ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஒரு முறை முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

இங்கே விளக்கப்படுவது, இடுப்பில் கோத்த கயிற்றால் மனிதரைத் தன் பின்னால் இழுத்துச் செல்லும் வகை. இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் சிறிய பொழுதுபோக்கு வகையில் இழுவிசை முழுவதும் கைகளிலேயே விழுவதால், கயிறு பற்றிய குறிப்புகள் அதற்குப் பொருந்தா. மற்றவை ஓரளவு பொருந்தும். அடிப்படை ஸ்கூபா சான்றிதழும் ஸ்கூட்டருக்கான தொடக்கப் பயிற்சியும் முடித்தவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. ஸ்கூட்டரின் முன்முனையை மூக்கு என்றும், புரொப்பெல்லரும் கைப்பிடியும் உள்ள பின்முனையை வால் என்றும், புரொப்பெல்லர் பின்னோக்கி வீசும் நீரைத் தள்ளுநீர் என்றும், ஸ்கூட்டரை ஓட்டக் கைப்பிடியில் விரலால் அழுத்தும் பொத்தானை விசை என்றும் குறிப்பிடுகிறேன்.

அறிகுறிகளுக்குள் நுழையும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருப்பத்தில் வெளிப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை திருப்பத்துக்கு முன்பே, கயிற்றின் நீளத்திலோ மூழ்குவதற்காக அணியும் ஈயக்கட்டிகளின் கணக்கிலோ உடல் கிடக்கும் கோணத்திலோ பிறந்துவிட்டவை. நேராகப் போகும்போது வேகம் அவற்றை மறைத்துவைக்கிறது. திரும்பும்போது மறைப்பு விலகுகிறது. ஆகவே மணிக்கட்டை முறுக்கிப் பழகுவதற்கு முன், கீழ்க்கண்ட சோதனையை ஒவ்வொரு முறையும் செய்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

முன்சோதனை

கயிற்றின் கொக்கி, இரு கால்களுக்கும் நடுவே வரும் கவட்டுப் பட்டையின் முன்பக்க டி வளையத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, விசையை அழுத்தும் விரலைத் தவிர மற்ற விரல்களின் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். இழுப்பு முழுவதும் இடுப்பில் உணரப்பட்டு, கை வெறுமனே வழிகாட்டும் வேலையை மட்டும் செய்தால் கயிறு சரியான நீளத்தில் இருக்கிறது. முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் தள்ளுநீர் நெஞ்சிலும் வயிற்றிலும் மோதி, நம்மை இழுக்க வேண்டிய உந்துதலே நம்மைப் பின்னுக்குத் தள்ளும். நீளமாக இருந்தால் கை முழுவதும் நீண்டு விறைத்துப்போய், ஸ்கூட்டரைத் திருப்புவதற்கு வேண்டிய அசைவு கையில் மிஞ்சாது. ஸ்கூட்டர் முகத்துக்கு நேரே இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி ஓட, தள்ளுநீர் வயிற்றுக்கு அடியில் தடையின்றிப் போக வேண்டும்.

அடுத்ததாக, விசையை விட்டுவிட்டு ஃபினை (காலில் அணியும் துடுப்பை) அசைக்காமல் அரை நிமிடம் அப்படியே நில்லுங்கள். மூழ்கினாலோ மேலே போனாலோ கால் தொங்கினாலோ அதை அங்கேயே சரிசெய்யுங்கள். வேகம் உள்ளவரை உடல் ஒரு சாய்ந்த பலகையாக நீரைத் தள்ளி உயரத்தைக் காத்துக்கொள்ளும். நின்றதும்தான் உண்மையான எடைக்கணக்கு தெரியும்.

வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. நினைத்த இடத்தில் திரும்ப முடியவில்லை

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். மூக்கு திரும்பிவிடுகிறது, ஆனால் உடல் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. ஸ்கூட்டர் ஒரு பக்கம் இழுக்க, சிலிண்டரும் ஈயமும் சேர்ந்த நமது எடை முன்பிருந்த வேகத்தை விட மறுப்பதால் நிகழ்வது இது.

பலரும் செய்யும் முதல் வேலை வேகத்தை ஒரு படி குறைத்துக்கொண்டு அதே வளைவை முயல்வது. யோசிப்பதற்கு நேரம் கிடைக்கும் என்பதைத் தவிர அதனால் பெரிய பலன் இல்லை. வேகம் குறையும்போது உடலை வளைக்கத் தேவைப்படும் இழுப்பு குறைவது உண்மைதான். ஆனால் வேகப் படியைக் குறைத்ததால் புரொப்பெல்லர் தரும் இழுப்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. எனவே வட்டத்தின் அளவு எதிர்பார்த்தபடி சுருங்குவதில்லை. சுருக்க வேண்டுமானால், பழைய வேகத்தை முதலில் நீரின் தடையால் கொல்ல வேண்டும், பிறகு புதிய திசையில் முழு இழுப்பைத் தர வேண்டும். அதாவது திருப்பத்துக்கு முன் விசையை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஓரிரு விநாடிகளில் வேகம் வெகுவாகக் குறையும். அந்த இடைவெளியில் தலையையும் தோளையும் ஸ்கூட்டரையும் புதிய திசைக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் மீண்டும் அழுத்துங்கள். விசையை அழுத்திக்கொண்டே திரும்பும் பழக்கத்தை விட்டவர்களுக்கு வட்டம் உடனே சிறுத்துவிடுவதைக் குளத்தின் அடித்தளக் கோடுகளை வைத்தே கண்டுகொள்ளலாம்.

நிற்காமல் ஒரே ஓட்டத்தில் திரும்ப வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே உதவுவது சாய்வு. பைக் ஓட்டுபவர் வளைவில் சாய்வதைப் போல, திரும்பும் பக்கத்துத் தோளைத் தாழ்த்தி உடல் முழுவதையும் சாய்க்க வேண்டும். ஆனால் நீருக்குள் சாய்வதற்கான காரணம் வேறு. அதைப் புரிந்துகொண்டால் பயிற்சி பாதி முடிந்த மாதிரி. உடல் தட்டையாகக் கிடக்கும்போது மூக்கை வலப்பக்கம் திருப்பினால் தள்ளுநீர் இடப்பக்கம் பாயும். ஸ்கூட்டர் நடுவிலேயே இருந்தால் அந்த நீர் இடது இடுப்பிலும் தொடையிலும் மோதி இழுப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். உடலை வலப்பக்கம் சாய்த்துவிட்டால், வயிறு இடப்பக்கம் பார்க்கும். அப்போது வலப்பக்கம் திரும்புவது, உடலைப் பொறுத்தவரை, மூக்கைத் தலையின் பக்கம் தூக்குவதாக மாறிவிடுகிறது. வால் வயிற்றிலிருந்து மேலும் விலக, தள்ளுநீர் எதிலும் மோதாமல் போகிறது. கையும் பக்கவாட்டில் முறுக வேண்டியதில்லை. இழுப்பு கயிறு வழியாக இடுப்பின் நடுவிலேயே விழுகிறது.

எந்த அளவு சாய்வது என்பதற்குப் பொதுவான ஓர் எண் கிடையாது. அகலமான வளைவுக்குத் தோளைச் சற்றே தாழ்த்தினால் போதும். குறுகலான வளைவுக்குப் பக்கவாட்டில் படுத்த நிலைக்கு அருகே போக வேண்டியிருக்கும். வரிசை முக்கியம்: முதலில் பார்வை, பிறகு தோள், கடைசியாக ஸ்கூட்டர். கையை முதலில் திருப்புபவர்களிடமே இந்தக் குறை நீடிக்கிறது.

ஒரு பக்கம் எளிதாகத் திரும்புகிறது, மறுபக்கம் அடம்பிடிக்கிறது

"அண்ணா, லெஃப்டுல ஈஸியா போகுது, ரைட்டுல மட்டும் வண்டி கேக்கவே மாட்டேங்குது" என்பது குளக்கரையில் அடிக்கடி காதில் விழும் வாசகம். இதற்குக் காரணங்கள் மூன்று நான்கு இருப்பதால், ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் இயந்திரத்துடையது. புரொப்பெல்லர் ஒரு திசையில் சுழன்றால், அதன் எதிர்வினையாக ஸ்கூட்டரின் உடல் மறுதிசையில் புரள முயலும். பின்னாலிருந்து பார்க்கையில் புரொப்பெல்லர் கடிகார முள்ளின் திசையில் சுழன்றால், ஸ்கூட்டர் இடப்பக்கம் புரளப் பார்க்கும். அப்போது இடப்பக்கச் சாய்வுக்கு இயந்திரமே கைகொடுக்க, வலப்பக்கச் சாய்வை அது எதிர்க்கும். சில வடிவமைப்புகளில் புரொப்பெல்லரைச் சூழ்ந்த வளையத்துக்குள் நிலையான தகடுகள் வைத்து இந்த முறுக்கைக் குறைத்திருப்பார்கள்; முழுவதும் ஒழிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். உங்கள் ஸ்கூட்டர் எந்தப் பக்கம் முறுக்குகிறது என்பதை அறிய, குளத்தின் ஆழமற்ற பகுதியில் நின்று, மிகக் குறைந்த வேகத்தில் விசையை ஒரு கணம் தட்டிவிட்டு, கைப்பிடி எப்பக்கம் திரும்பப் பார்க்கிறது என்று கவனித்தால் போதும். முடி, தொங்கும் பட்டை, ரெகுலேட்டர் (வாயில் கடித்து மூச்சு வாங்கும் கருவி) குழாய் எதுவும் வாலின் அருகே இல்லை என்பதை அதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். முறுக்கு இழுப்போடு சேர்ந்தே ஏறும் என்பதால், கடினமான பக்கம் திரும்பும்போது நடு வேகத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

இரண்டாவது காரணம் நம் கை. பெரும்பாலான இழுகயிற்று ஸ்கூட்டர்களில் விசை வலக்கையில் இருக்கிறது. இடப்பக்கம் திரும்ப, வாலை வலப்புறமாகத் தள்ள வேண்டும்; கை வெளிப்புறம் விரிவதால் இது இயல்பாக வரும். வலப்பக்கம் திரும்ப, வாலை இடப்புறம் கொண்டுவர வேண்டும். கை நெஞ்சின் குறுக்கே வந்து மணிக்கட்டு மடங்கிவிடும், அங்கிருந்து மேலும் அசைக்க இடமிருக்காது. எளிய தீர்வு, சும்மா இருக்கும் இடக்கையைக் கைப்பிடியில் சேர்த்து வாலை வழிநடத்துவது. ஒற்றைக் கையால் ஓட்டுவதே தேர்ச்சிக்கு அடையாளம் என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. ஒரு கை விளக்குக்கும் சைகைக்கும் முகமூடிக்கும் ஓய்வாக இருப்பது நேர்கோட்டில் பெரிய வசதிதான். குறுகிய வலத்திருப்பத்தில் அதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

மூன்றாவது, கொக்கி மாட்டிய இடம். வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண பி.சி.டி. ஜாக்கெட்டுகளில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கிகளில்) கவட்டுப் பட்டையே இருப்பதில்லை. அதனால் சிலர் கயிற்றை இடுப்புப் பட்டையின் பக்கவாட்டு வளையத்தில் மாட்டிவிடுகிறார்கள். இழுப்பு உடலின் நடுக்கோட்டிலிருந்து விலகியதும், நேராகப் போகும்போதே உடல் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்; திரும்பும்போது ஒரு பக்கம் வெண்ணெயாகவும் மறுபக்கம் கல்லாகவும் இருக்கும். இதற்குப் பயிற்சி தீர்வாகாது. கவட்டுப் பட்டை உள்ள ஹார்னஸ் (சிலிண்டரை உடலோடு பிணைக்கும் பட்டைக் கோப்பு) அல்லது ஸ்கூட்டருக்கென்றே தனியாக அணியும் இடுப்புக் கச்சை வாங்குவதே வழி. பட்டை தளர்ந்திருந்தாலும் இதே குறை தோன்றும் என்பதால், வெட்சூட் அணிந்த பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

நான்காவது, சிலிண்டர். அதைப் பி.சி.டி.யோடு இறுக்கும் பட்டை நனையும்போது நெகிழ்ந்துகொடுக்கும். நனைத்த பிறகு இறுக்காவிட்டால், சாயும்போது சிலிண்டர் சில சென்டிமீட்டர் நகர்ந்து உடலை ஒரு பக்கம் இழுத்துவிடும்.

திரும்பும்போது ஆழம் மாறிவிடுகிறது

மற்ற எல்லாக் குறைகளும் சிரமம். இது மட்டும் ஆபத்து. அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் மேலேறும் வேகத்துக்கு நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற எல்லையைப் பரிந்துரைக்கின்றன. பழைய பாடநூல்களில் 18 மீட்டர் என்றும் இருந்தது. நிமிடத்துக்கு 45 மீட்டர் ஓடும் ஸ்கூட்டரின் மூக்கு கிடைமட்டத்திலிருந்து 12 டிகிரி மேலே தூக்கியிருந்தால் போதும், நாம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கும் கூடுதலாக ஏறிக்கொண்டிருப்போம். 24 டிகிரியானால் 18 மீட்டரையும் தாண்டிவிடும். நீந்தி மேலேறும்போது உடம்புக்குத் தெரியும். ஸ்கூட்டரில் ஏறும்போது எந்த உழைப்பும் இல்லாததால் தெரிவதில்லை. அதிலும் திருப்பத்தின்போது கண் புதிய திசையைத் தேடிக்கொண்டிருப்பதால், கைக்கடிகாரம் போலக் கட்டிய, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்க எவருக்கும் தோன்றாது.

ஏறுவதற்கான காரணம் மேலே சொன்ன சாய்விலேயே இருக்கிறது. உடல் முழுமையாகப் பக்கவாட்டில் படுத்திருந்தால், மூக்கைத் தலைப்பக்கம் இழுப்பது முழுவதும் பக்கவாட்டுத் திருப்பமாகவே முடியும். பாதிச் சாய்வில் அதே அளவு இழுத்தால், ஒரு பங்கு திருப்பமாகவும் மறுபங்கு ஏற்றமாகவும் பிரிந்துவிடும். ஆகவே சாய்வு குறைவாக இருக்கும் அகன்ற வளைவுகளில்தான் இது அதிகம் நிகழ்கிறது. அங்கே மூக்கை அடிவானத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து இழுக்க வேண்டும். இதற்கு எதிரான குறை, திருப்பத்தில் தாழ்ந்துபோவது. அது பெரும்பாலும் மூக்கில் எடை மிகுந்த ஸ்கூட்டராலோ, சாயும்போது தலையைத் தரைப்பக்கம் குனிவதாலோ வருகிறது. தாழ்ந்தால் காது முதலில் புகார் சொல்லிவிடும். ஏறும்போது அப்படி எச்சரிக்கும் உறுப்பு எதுவும் இல்லை.

திருத்தும் முறை இது. டைவ் கம்ப்யூட்டரை விசைபிடிக்கும் வலக்கையின் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கை முன்னால் நீண்டிருப்பதால் தலையைத் திருப்பாமலே ஆழம் தெரியும். திருப்பத்துக்கு முன் ஒரு எண்ணைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு, திருப்பத்தின் நடுவில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் ஒப்பிடுங்கள். அரை மீட்டருக்கு மேல் மாறியிருந்தால் விசையை விட்டு நின்று, ஆழத்தைச் சரிசெய்த பிறகே தொடருங்கள். மேற்பரப்புக்கு அருகே இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அழுத்தம் பாதியாகிவிடுகிறது, அதாவது நுரையீரலில் அடைத்து வைத்த காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். திருப்பத்தில் பற்களைக் கடித்து மூச்சை அடக்குபவர்கள் பலர். குளம் ஆழமற்றதுதானே என்று அதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒன்றரை மீட்டர் ஏற்றத்திலும் அடக்கிய மூச்சு நுரையீரலைக் காயப்படுத்த முடியும். திருப்பம் முழுவதும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

திருப்பம் முடிந்தும் உடல் சாய்ந்தே நிற்கிறது

இதில் குற்றவாளி, பி.சி.டி.யில் தேவைக்கு மேல் அடைத்த காற்று. சாயும்போது அந்தக் காற்று உயர்ந்த பக்கத்துக்கு ஓடி அங்கே தங்கி, அந்தப் பக்கத்தை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்று ஏன் மிகுந்தது என்றால், ஈயம் மிகுந்ததால். வாடகைக் கடையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாக இரண்டு கட்டிகளைக் கொடுப்பதும், நாமும் மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் நடப்பதுதான். ஸ்கூட்டர் ஓட்டாதவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பம் பழகுபவர் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஈயத்தைக் குறைக்கும்போது சிலிண்டரையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே பரவலாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாகும் தறுவாயில் சுமார் 2 கிலோ மேல்நோக்கித் தள்ளும். எனவே எடைச் சோதனையைக் காற்று குறைந்த சிலிண்டரோடு செய்வதே சரி.

கால்கள் வெளிப்பக்கம் வீசப்படுகின்றன

கால்களை நேராக விறைத்து நீட்டிவைத்தால் உடலின் நீளம் கூடி, வளைவின் வெளிப்புறத்தில் அவை வால்போல வீசும். குளத்தில் அது பக்கத்துச் சுவரில் ஒரு தட்டலோடு முடியும். நேத்ராணியில் ஃபின் பவளத்தையோ பாறையையோ அறையும். முழங்காலை மடித்து, ஃபின்களை ஒன்றோடொன்று ஒட்டி, முதுகை மிகச் சற்றே பின்னோக்கி வளைத்துக்கொண்டால் உடல் குட்டையாகிவிடும். உள்பக்கத்து ஃபினை மட்டும் சற்று விரித்துத் தாழ்த்தினால், அந்தப் பக்கம் நீரின் தடை கூடி, உடல் அதை மையமாகக் கொண்டு சுழல உதவும். ஃபினால் உதைப்பது வேண்டாம். ஸ்கூட்டர் இழுக்கும்போது உதைத்தால் மூச்சுக்காற்றுதான் கரையும்.

மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன

கயிறு நீளம், அல்லது ஸ்கூட்டரை உடும்புப்பிடியாகப் பிடிப்பது. முன்சோதனைக்குத் திரும்புங்கள்.

தரையிலிருந்து மண் கிளம்பி எதுவும் தெரியாமல் போகிறது

தட்டையாகக் கிடந்து திரும்பும்போது தள்ளுநீர் சற்றுக் கீழ்நோக்கியே போகும். உடலுக்கும் தரைக்கும் இடையே குறைந்தது இரண்டு மீட்டராவது விட்டுத் திரும்புங்கள். முடியாத இடத்தில் விசையை விட்டுக் காலால் திரும்புங்கள். சாய்ந்து திரும்பும்போது தள்ளுநீர் வளைவின் வெளிப்பக்கம் போகும் என்பதால், அந்தப் பக்கம் மண்மேடோ சக நீச்சலாளரோ இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரு பாறைகளுக்கு நடுவே 180 டிகிரி திரும்ப இடமில்லை

இங்கே ஓடும் ஸ்கூட்டரால் திரும்ப முயல்வதே பிழை. விசையை விட்டு முழுவதுமாக நின்று, ஸ்கூட்டரை மார்புக்கு அருகே இழுத்துக்கொண்டு, முழங்காலை மடித்து ஒரு ஃபினை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் வளைத்துத் துழாவி, நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். உடல் முழுவதும் புதிய திசைக்கு வந்த பிறகு ஸ்கூட்டரை முன்னே நீட்டி, கயிறு எங்கும் சிக்காமல் இறுகுவதைப் பார்த்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். இந்தக் கால்சுழற்சி ஸ்கூட்டர் இல்லாமலே கைவந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரை நம்பி இதைக் கற்காமல் விட்டவர்கள், பேட்டரி தீர்ந்த நேரத்தில் அதன் விலையை உணர்வார்கள்.

திரும்பிப் பார்த்தால் துணைவர் இல்லை

இருவர் ஓட்டும்போது திருப்பம் இருவருடையது. பக்கத்தில் பக்கமாக ஓடும்போது, உள்பக்கம் இருப்பவர் திடீரென்று வளைந்தால் வெளிப்பக்கத்தவர் நீண்ட தூரம் சுற்ற வேண்டியிருக்கும். வெளிப்பக்கத்தவர் வளைந்தால் மற்றவரின் பாதையைக் குறுக்கே வெட்டுவார். திருப்பத்துக்கு முன் விளக்காலோ கையாலோ சைகை காட்டி, பதில் வந்த பிறகு, உள்பக்கத்தவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வெளிப்பக்கத்தவர் வழக்கமான வேகத்தில் வளைவது ஒழுங்கான முறை. துணைவரின் பின்னால் ஓடும்போது அவருடைய தள்ளுநீர் முகமூடியில் அறையும். அதைத் தவிர்க்கத் திடீரென்று விலகுவதும் ஒரு மோதல் காரணம். சற்று மேலேயும் பக்கவாட்டிலும் தள்ளி ஓடினால் இரண்டும் தீரும்.

தலையைத் திருப்பியதும் ரெகுலேட்டர் கொட்டுகிறது. முகமூடிக்குள் நீர் வருகிறது

வேகத்தில் வரும் நீர் ரெகுலேட்டரின் முகப்புப் பொத்தானை அழுத்திவிடுவதால் காற்று தானாகக் கொட்டலாம். தலையை முழுவதும் திருப்பாமல் கண்ணையும் தோளையும் சேர்த்துத் திருப்புங்கள். முகமூடிப் பட்டையின் வழுக்கலையும் பாருங்கள். மாற்று ரெகுலேட்டரும் அழுத்தமானியும் தொங்காமல் கொக்கியில் இருக்க வேண்டும். சாயும்போது தொங்கும் எதுவும் புரொப்பெல்லரின் பக்கம்தான் போகும்.

விசையை விட்டும் ஸ்கூட்டர் நிற்கவில்லை

மணல் புகுந்து விசை சிக்கிக்கொள்வது நேரக்கூடியதே. பதறி ஸ்கூட்டரை மேல்நோக்கித் திருப்பிவிடாமல், ஒரே ஆழத்தில் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டே அணைப்பதற்கான வேலையைப் பாருங்கள். மேலே படித்த சாய்வுத் திருப்பம் இங்கேதான் உயிர்காக்கும். வேகத் திருகை அடியில் இறக்குவது, தனிச் சுவிட்சை அணைப்பது என்று மாடலுக்கு மாடல் வழி வேறுபடும் என்பதால், உங்கள் ஸ்கூட்டரில் அது எது என்பதைக் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகியிருக்க வேண்டும். எதுவும் பலிக்காவிட்டால் கொக்கியைக் கழற்றி ஸ்கூட்டரை விட்டுவிடுங்கள். புரொப்பெல்லரைக் கையால் நிறுத்த முயல வேண்டாம்.

குளத்தில் சரியாக இருந்தது. கடலில் எல்லாம் மாறிவிட்டது

பெங்களூர்க்காரர்களுக்கே உரிய குறை என்று இதைச் சொல்லலாம். குளத்து நீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. 25 லிட்டர் நீரை விலக்கும் ஸ்கூட்டர், குளத்தில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்குமாறு எடையிடப்பட்டிருந்தால், கடலில் அது ஏறத்தாழ 600 கிராம் மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் பெரும்பாலும் காற்றறை மிகுந்த மூக்குப் பகுதியில் தெரிவதால், நேராகப் போகும்போது கை அறியாமலே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். திருப்பத்தில் பிடி தளரும் கணத்தில் மூக்கு தூக்கிவிடும். முன்பு சொன்ன 12 டிகிரி இப்படித்தான் வந்து சேர்கிறது. நம் உடலுக்கும் இதே கணக்கு உண்டு. உடலும் சாதனங்களுமாக 100 லிட்டர் விலக்குபவருக்குக் கடலில் இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாகத் தேவைப்படும். நேத்ராணியில் முதல் இறக்கத்தை நங்கூரக் கயிற்றுக்கு அருகே, திருப்பங்கள் எதுவும் இல்லாமல், இந்த எடைச் சோதனைக்காக மட்டும் ஒதுக்குவது என் பரிந்துரை. படகுக்காரர் அவசரப்படுத்தினாலும் ஒதுக்குங்கள்.

நீரோட்டம் இன்னொரு மாற்றம். குளத்தில் போட்ட வட்டம் வட்டமாகவே இருந்தது. ஓட்டமுள்ள கடலில் அதே திருப்பம் பாறையைப் பொறுத்துப் பார்க்கையில் ஓட்டத்தின் பக்கம் இழுபட்டு நீண்டுவிடும். பாறைச் சுவருக்கு அருகே திரும்பும்போது, ஓட்டம் நம்மைச் சுவரின் பக்கம் தள்ளுகிறதா விலக்குகிறதா என்று முதலில் நின்று பார்த்து, தள்ளினால் சுவரிலிருந்து வழக்கத்தைவிட இரு மடங்கு இடம் விடுங்கள். போகும் வழியை ஓட்டத்துக்கு எதிராகவும் திரும்பும் வழியை ஓட்டத்தோடும் அமைத்துக்கொண்டால், பேட்டரி ஏமாற்றினாலும் நீந்தித் திரும்ப முடியும்.

அந்தமானுக்குப் போகத் திட்டமிடுபவர்கள் பேட்டரியின் திறனையும் பார்க்க வேண்டும். பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரிகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இழுகயிற்று ஸ்கூட்டர்களின் பேட்டரிகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டியவை என்பதால், அங்கே வாடகைக்கு எடுத்த பழக்கமில்லாத ஸ்கூட்டரோடுதான் இறங்க நேரும்; முறுக்குச் சோதனை, எடைச் சோதனை, அணைக்கும் முறை மூன்றையும் அங்கே புதிதாகச் செய்ய வேண்டும். முருடேஸ்வரத்துக்குச் சாலைவழி எடுத்துச் சென்றவர்கள், ஊர் திரும்பி மறுபடி குளத்தில் இறங்கும் முன், ஸ்கூட்டரை நன்னீரில் அலசி, கடலுக்காக மூக்கில் சேர்த்த ஈயத்தைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் திருப்பத்தில் தாழ்ந்துபோகும் குறைக்கு வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.